கொம்பு ஒலிபெருக்கி: பழையதும் புதியதும்

தூரத்தே நிற்பவரை அழைக்க விரும்புபவர் இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொள்கிறார். தொண்டையின் வலு கூடவில்லை. எனினும் குரல் எட்டுகிறது. கொம்பு ஒலிபெருக்கியின் தத்துவமும் இதுவே. சிறு தகட்டின் அதிர்வை, படிப்படியாக விரியும் குழாயானது வெளிக் காற்றுடன் செம்மையாக இணைத்துவிடுகிறது.

1915ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் இசையையும் பேச்சையும் கொம்பின் வழியாகவே கேட்பித்தனர். 1925இல் ரைஸ், கெலொக் என்போர் கொம்பின்றியே தாட்கூம்பை நேரே அதிரச் செய்யும் ஒலிபெருக்கியை விளக்கினர். அது சிறியது, ஆனால் பெறும் மின்வலுவில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கையே ஒலியாக்குவது. நல்ல கொம்போ பத்துப் பங்குக்கு மேலும் ஆக்கவல்லது. வால்வுப் பெருக்கிகள் சில உவாற்று வலுவே தந்த காலத்தில் இவ்வேறுபாடு பெரிது. வலுவின் வறுமையே கொம்பை வளர்த்தது எனலாம்.

எனினும், கொம்பு இல்லத்துள் நுழைவது எளிதன்று. செக்கனுக்கு 40 அதிர்வுடைய தாழ்சுரத்தின் அலைநீளம் எட்டரை மீற்றர். அதனை முறையாக வெளியிடக் கொம்பின் வாய்ச் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவு இருத்தல் வேண்டும். அமெரிக்கரான போல் கிளிப்ஷ் 1940களில் இதற்கொரு வழி கண்டார். கொம்பை மடித்துப் பெட்டியுள் அடக்கி, அறையின் மூலையில் நிறுத்தினார். சுவர்களும் தரையுமே கொம்பின் தொடர்ச்சியாயின.

1947இல் திரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் வலு மலிந்தது. 1954இல் வில்சர் என்பவரின் சிறிய மூடிய பெட்டி, வலுவை மிகுதியாக உண்டு ஆழ்ந்த தாழ்சுரத்தைத் தந்தது. 1958இல் இருவழி இசைத்தட்டுகள் பரவவே, ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டியதாயின. பெருங்கொம்புக்கு வீட்டில் இடமில்லாது போயிற்று.

ஆயின் இன்றும் கொம்பு செய்யப்படுவது ஏன்? அதில் தகடு மிகச் சிறிதே அசைகிறது. ஆதலால் ஒலியின் திரிபு குறைகிறது. வலு மலிந்தபின்னும் இக்குணம் மலிவுறவில்லை. பழைய கொம்புகள் பலவற்றின் குறையோ வேறு: உச்ச சுரங்கள் ஒரு திசையிலேயே குவியும், வாயின் விளிம்பில் ஒலி எதிரொலித்துக் குரலுக்கு மூக்கொலி ஏறும், மடித்த குழாயினூடே வரும் தாழ்சுரம் சற்றுப் பிந்தும். இன்றைய அமைப்பாளர் கொம்பின் வளைவைக் கணினியாற் கணித்து ஒலியின் பரவலைச் சீராக்குகின்றனர். பெரும்பாலும் நடுச் சுரங்களையும் உச்ச சுரங்களையும் மட்டுமே கொம்புக்கு விட்டு, தாழ்சுரத்தைத் தாட்கூம்பிடம் ஒப்படைக்கின்றனர்.

ஆகவே, பழையது என்பதற்காகப் போற்றுவதும் புதியது என்பதற்காக நம்புவதும் தகா. சில உவாற்றுப் பெருக்கியும் அகன்ற அறையும் உடையார்க்குப் பழைய கொம்பு இன்றும் விருந்தே. சிற்றறையில் வாழ்வோர்க்குப் புதியதே பொருந்தும். தன்னைப் பிறப்பித்த தேவை மறைந்தபின்னும், உண்மையான குணமுடைய கருவி வேறொரு தேவையைக் கண்டு வாழும் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடம்.