கிலோ இல்லாத டன்

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் "முப்பதாயிரம் டன் எடையுள்ள கப்பல்" என்று எழுதிவிட்டேன். இதழ் வெளிவந்த மறுநாளே தொலைபேசி அடித்தது. பேசியவர் கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ராயபுரத்துக்காரர்.

"தம்பி, கப்பலைத் தராசுல வெச்சுப் பாத்தீங்களா?"

நான் விழித்தேன்.

"நீங்க எழுதின நம்பர் நெட் டன்னேஜ். அது எடை இல்ல, எடம்" என்றார். பிறகு, வீட்டில் எப்போதாவது கட்டட வேலை நடந்ததுண்டா என்று கேட்டார். நடந்திருந்தது. மணல் எப்படி வாங்கினீர்கள்? யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்றால் எவ்வளவு? நூறு கன அடி. "அவ்வளவுதான் சார் விஷயம். கப்பல் டன்னும் அதே நூறு கன அடி. லாரிப் பெட்டிய டேப் புடிச்சு அளக்குற மாதிரி கப்பல் வயித்த அளந்திருக்கான்."

தம்பியிலிருந்து சாராக நான் உயர்ந்தது என் அறியாமையைப் பார்த்து அவர் இரங்கியதால்தான் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன கணக்கிலும் ஒரு சிறு பழமை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அன்று தொடங்கிய அரிப்பில் டன் என்ற சொல்லின் பின்னால் போனவன், கடைசியில் வருமான வரிச் சட்டத்தின் ஓர் உட்பிரிவில் போய் நின்றேன்.

டன்னின் பூர்விகம் பீப்பாய். பழைய ஆங்கிலத்தில் 'துன்னெ' என்றால் பெரிய மரப்பீப்பாய், பிரெஞ்சில் 'தொன்னோ'. பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒயின் போன காலத்தில் அந்தப் பீப்பாயே அளவும் ஆயிற்று. ஒரு பீப்பாய்க்கு 252 கேலன், அதாவது 950 லிட்டருக்குச் சற்று மேல். கப்பல் எவ்வளவு பெரியது என்று கேட்டால், எத்தனை பீப்பாய் பிடிக்கும் என்பதுதான் பதில். நிரம்பிய பீப்பாயின் எடை இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். 2,240 பவுண்டு என்ற ஆங்கில எடை டன்னும், பிறகு ஆயிரம் கிலோ மெட்ரிக் டன்னும் அந்த வழியில் பிறந்தவை. கரும்பாலையில் எடை போட நிற்கும் நமக்கு எடை டன்தான் மூத்த பிள்ளை மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போன பிள்ளை. (ஒன்றரை டன் ஏசி வாங்குகிறவர்கள் எதை எடை போடுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக இழுத்துக்கொள்ளும் வெப்பம் அது. பேரப்பிள்ளை.)

இலங்கைத் தமிழில் இன்றும் 'தொன்' என்றுதான் எழுதுகிறார்கள். காதில் விழும்போது பீப்பாய்க்குப் பக்கத்தில் இருப்பது நம் டன்னைவிட அவர்களுடைய தொன்தான்.

இனி டன்னேஜின் வால்பகுதியான 'ஏஜ்'. தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுக வேலை பார்ப்பவர்களிடம் பேசினால் வார்ஃபேஜ், டெமரேஜ், பைலட்டேஜ் என்று சரளமாக வரும். மூன்றும் கட்டணங்கள். துறைமேடைக்குக் கொடுப்பது, தாமதத்துக்குக் கொடுப்பது, வழிகாட்டி மாலுமிக்குக் கொடுப்பது. அஞ்சலகத்துப் போஸ்டேஜும் இதே சாதி. அப்படியென்றால் டன்னேஜ்?

அதுவும் கட்டணந்தான். இங்கிலாந்தில் இறக்குமதியாகும் ஒவ்வொரு பீப்பாய் ஒயினுக்கும் மன்னருக்குக் கட்டிய வரியின் பெயர் டன்னேஜ். மற்றச் சரக்குகளின் மதிப்பில் பவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டியது பவுண்டேஜ். இரண்டும் சேர்த்தே பேசப்பட்டன. ஐந்தாம் ஹென்றிக்கு 1415-இல் நாடாளுமன்றம் இந்த வருவாயை ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்தது. பின்னால் வந்த மன்னர்களுக்கும் அது வழக்கமாயிற்று. முதலாம் சார்லஸ் பட்டமேற்றபோது, 1625-இல், மக்களவை ஒரு வருடத்துக்கு மட்டும் தரலாம் என்று இழுத்தது. மன்னர் காத்திருக்கவில்லை, அனுமதியில்லாமலேயே வசூலித்தார்.

அந்தத் தகராறு 1629 மார்ச் 2 அன்று உச்சத்துக்கு வந்தது. அவையை ஒத்திவைக்கச் சொல்லி மன்னரின் கட்டளை. சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்திருக்கப் பார்க்கிறார். டென்ஸில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலன்டைன் என்ற இரண்டு உறுப்பினர்கள் அவரை நாற்காலியிலேயே அமுக்கிப் பிடிக்கிறார்கள். கதவு பூட்டப்பட்டிருக்கிறது, மன்னரின் ஆள் வெளியே தட்டுகிறார். உள்ளே தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன: நாடாளுமன்றம் அனுமதிக்காத டன்னேஜ், பவுண்டேஜை விருப்பத்தோடு கட்டுகிறவன் நாட்டின் உரிமையைக் காட்டிக் கொடுப்பவன். அதன்பின் பதினோரு வருடம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. பீப்பாய் வரிக்காக ஒரு சபாநாயகரை உட்காரவைத்த கதை வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக, டன்னேஜ் என்ற சொல்லுக்குள்ளேயே வரி இருக்கிறது. இன்றைக்கு 'டன்னேஜ் வரி' என்கிறோமே, அது நடுசென்டர் மாதிரி.

வரி ஒயினிலிருந்து கப்பலுக்கு எப்போது தாவியது என்பதற்கு ஒரு நல்ல மைல்கல் 1694. பிரான்சோடு போர், அரசிடம் பணமில்லை. 12 லட்சம் பவுண்டு கடன் கொடுப்பவர்களுக்கு 8 சதவீத வட்டி என்றும், அதற்கு ஈடாகக் கப்பல்களின் டன்னேஜ் மீதும் பீர் முதலியவற்றின் மீதும் தீர்வை என்றும் சட்டம் செய்தார்கள். கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து அமைத்ததுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அந்தக் காலத்தில் அதற்கு 'டன்னேஜ் வங்கி' என்று பட்டப்பெயர்.

கப்பலுக்கு வரி என்றதும் கப்பலை அளந்தாக வேண்டும். எத்தனை பீப்பாய் பிடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் உருட்டிப் பார்க்க முடியுமா? 18-ஆம் நூற்றாண்டில் ஒரு சூத்திரம் செய்தார்கள். நீளத்தை எடு, அகலத்தை எடு, பாதி அகலத்தை எடு, பெருக்கி 94-ஆல் வகு. ஆழத்தை ஏன் எடுக்கவில்லை? சரக்கு ஏறியிருக்கும்போது உள்ளே இறங்கி அளப்பது சிரமம். ஆழம் எப்படியும் பாதி அகலம் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்கள். கப்பல் கட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்தார்கள், ஆழத்தைக் கூட்டினார்கள். வரிக்குச் சின்னக் கப்பல், சரக்குக்குப் பெரிய கப்பல். ஒடுக்கமாக, ஆழமாக, அலையில் ஆடும் கப்பல்கள் பெருகின. சூத்திரத்தின் ஓட்டை கடலில் மாலுமியின் உயிருக்கு உலை வைத்தது.

1854-இல் ஜார்ஜ் மூர்சம் வகுத்த முறை சட்டமானது. கப்பலின் உள்வெளியை முழுக்க அளந்து, நூறு கன அடிக்கு ஒரு டன். ராயபுரத்துப் பெரியவர் சொன்ன யூனிட் கணக்கு இதுதான். முழு வெளியும் மொத்த டன்னேஜ். இயந்திர அறை போன்ற, சம்பாதிக்காத இடங்களைக் கழித்தால் நிகர டன்னேஜ். 1894-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்தின்படி பதிவு எண்ணையும் டன்னேஜையும் கப்பலின் முதன்மை உத்தரத்தில் வெட்டியே பதிக்க வேண்டும். பெயிண்ட்டில் எழுதினால் அழித்து மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இருந்திருக்கும்.

உத்தரத்தில் வெட்டினாலும் மூளையை என்ன செய்வது? மூடிய இடத்துக்குத்தான் கணக்கு, திறந்த இடத்துக்கு இல்லை என்பது விதி. உடனே மேல்தளத்தில் வேண்டுமென்றே ஒரு திறப்பு விட்டுக் கட்டினார்கள். அதற்கு 'டன்னேஜ் திறப்பு' என்று பெயரே வந்துவிட்டது. ஓட்டையைப் பலகை போட்டு மறைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக அடைக்கக் கூடாது, அடைத்தால் டன் ஏறிவிடும். கடல்நீர் உள்ளே வரக்கூடிய இடத்தை வரிக்காகத் திறந்து வைத்தார்கள் என்பதை முதல் முறை படித்தபோது நம்ப முடியவில்லை.

இந்த விளையாட்டை முடித்து வைத்தது 1969-இல் லண்டனில் கையெழுத்தாகி 1982 ஜூலை 18-இல் நடப்புக்கு வந்த டன்னேஜ் அளவீட்டு உடன்படிக்கை. கப்பலின் உள்வெளியைக் கன மீட்டரில் எடுத்து, மடக்கை கலந்த ஒரு சூத்திரத்தில் போட்டால் ஓர் எண் வரும். அதுவே மொத்த டன்னேஜ். நிகர டன்னேஜுக்குச் சரக்கறைகளின் கொள்ளளவு, மூழ்குமட்டம், பயணிகளின் எண்ணிக்கை என்று வேறொரு சூத்திரம். அது மொத்த டன்னேஜில் 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. வருகிற எண்ணுக்கு அலகு கிடையாது. கன அடியும் இல்லை, கிலோவும் இல்லை. சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. பீப்பாயும் இல்லாமல், எடையும் இல்லாமல், கடைசியில் யூனிட்டும் இல்லாமல் ஒரு டன். பழக்கம் விடாமல் நம் துறைமுகங்களில் இன்னும் ஜி.ஆர்.டி., என்.ஆர்.டி. என்று பழைய பதிவு டன்னின் பெயரில்தான் சொல்கிறார்கள்.

இந்த வெற்று எண்ணின் தலையில்தான் வருமான வரி வந்து உட்கார்ந்தது.

கப்பல் வேண்டிய நாட்டுக் கொடியைப் பறக்கவிடக்கூடிய சொத்து. வரி கசந்தால் பனாமாவுக்கோ லைபீரியாவுக்கோ பதிவை மாற்றிவிடலாம். அதைத் தடுக்க அரசுகள் லாபத்தை விட்டுவிட்டு டன்னைப் பிடித்தன. கிரேக்கம் முன்னோடி, 1990-களின் நடுவில் நெதர்லாந்து, பிறகு ஜெர்மனி, 2000-இல் பிரிட்டன். இந்தியா 2004-இல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12-ஜி என்ற அத்தியாயத்தைச் சேர்த்தது. நிகர டன்னேஜில் 1,000, 10,000, 25,000 என்ற படிகள் பிரிட்டனின் படிகளேதான். தொகை மட்டும் ரூபாயில்.

பெயரில் வரி என்று இருந்தாலும் நம் ஊரில் அது வருமானத்தைக் கணிக்கும் முறைதான். ஒரு கப்பலின் நிகர டன்னேஜ் 30,000 என்று வைத்துக்கொள்வோம். 2012-இல் திருத்திய விகிதப்படி முதல் 25,000-க்கு நாளொன்றுக்கு ரூ.11,770. மீதி 5,000-க்கு நூற்றுக்கு 29 ரூபாய் வீதம் ரூ.1,450. ஆக ரூ.13,220. 365 நாளுக்கு ரூ.48,25,300. கப்பல் அந்த வருடம் சம்பாதித்தது இவ்வளவுதான் என்று சட்டம் பாவித்துக்கொள்கிறது. இதன்மேல் வழக்கமான கம்பெனி வரி. கால் பங்கு என்று வைத்தால் 12 லட்சம் சொச்சம். உண்மையில் நூறு கோடி வந்திருந்தாலும் அவ்வளவுதான். நஷ்டமே வந்திருந்தாலும் அவ்வளவேதான், அதைக் காட்டித் தப்ப முடியாது. 2008-இன் நடுவில் மிகப் பெரிய மொத்தச் சரக்குக் கப்பல்களின் நாள்வாடகை இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. வருடம் முடிவதற்குள் சில ஆயிரம் டாலருக்குச் சரிந்தது. டன்னேஜ் கணக்குக்கு இரண்டு நாளும் ஒரே நாள்.

சலுகை என்பதால் நிபந்தனைகள் உண்டு. ஒரு தடவை சேர்ந்தால் பத்து வருடம். புத்தக லாபத்தில் 20 சதவீதத்தைத் தனி நிதியில் போட்டு, எட்டு வருடத்துக்குள் புதுக் கப்பல் வாங்கச் செலவிட வேண்டும். பயிற்சி அதிகாரிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். மீன்பிடிக் கப்பல், உல்லாசப் படகு, துறைமுகத்துக்குள் ஓடும் ஃபெர்ரி எதுவும் சேராது. கப்பல் ஓட்டி வந்த வருமானம், கப்பலில் பயணிகளுக்குப் போட்ட சாப்பாடு வரை, உள்ளே. அதைச் சார்ந்த சில்லறை வருமானம் மையத் தொழிலின் விற்றுமுதலில் கால் சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குச் சாதாரண வரி. 2025-இல் ஆற்றுப் போக்குவரத்துக் கலங்களையும் சேர்த்துவிட்டார்கள்.

நான் போய் நின்ற உட்பிரிவு அந்த 1961 சட்டத்தின் 115விஜி பிரிவில் ஐந்தாவது. டன்னேஜை அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்க வேண்டும் என்றது. சரி. அதற்கு முன்னால், கிலோவில் வரும் டன்னேஜைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது. கிலோ! 1969 உடன்படிக்கைப்படி வழங்கிய சான்றிதழில் உள்ள எண்ணைத்தான் எடுக்கச் சொன்னது இதே அத்தியாயம். அந்தச் சான்றிதழில் கிலோவைத் தேடினாலும் கிடைக்காது. சட்டம் எழுதியவர் மேசையிலும் டன் என்றால் ஆயிரம் கிலோ என்ற நினைப்பு குந்தியிருந்திருக்கிறது. இல்லாத கிலோவை எடுக்காதே என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. என் "எடையுள்ள கப்பல்" பிழைக்கு இப்படியொரு பெரிய துணை கிடைத்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? 'எடை வரி' தப்பு. 'கொள்ளளவு வரி' பொருளுக்குச் சரி, ஆனால் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வருகிறது. பக்கத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: கலம். பாண்டத்துக்கும் கலம், கப்பலுக்கும் கலம், பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவைக்கும் கலம். பீப்பாய், கப்பல், அளவு என்று ஆங்கிலத்தில் டன் நடந்த தெருவிலேயே தமிழில் இதுவும் நடந்திருக்கிறது. வரியோடும் உறவு உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலவரியான காணிக்கடனைக் கலக் கணக்கில் சொல்கின்றன. ஒரு வேலி நிலத்துக்கு ஏறக்குறைய நூறு கலம் என்று வருகிறது. நிலத்தின் பரப்பைப் பார்த்து நெல்லைக் குறித்த அந்தக் கணக்குப்பிள்ளைக்கு, வெளியைப் பார்த்து வருமானத்தைக் குறிக்கும் 12-ஜி புரிந்திருக்கும்.

ராயபுரத்துப் பெரியவரை அழைத்து, 'கலவரி' என்று வைத்தால் எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"வேணாம் சார். கலவரம்னு படிச்சிட்டுத் துறைமுகத்துல கதவச் சாத்திருவான்."