சுண்டெலியில் மனித எலும்பு மஜ்ஜை நோய்

மனிதரின் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்களை, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய சுண்டெலிக்குள் செலுத்தி, நோயை அங்கே வளரவிட்டு ஆராயும் முறை இது. 1983இல் மெல்வின் போஸ்மா குழுவினர் விவரித்த ஸ்கிட் சுண்டெலிக்கு டி, பி லிம்போசைட்டுகள் இல்லை. அதனால் அயல் செல்களை அது எளிதில் விரட்டுவதில்லை. 1994இல் டொரண்டோவில் ஜான் டிக் குழுவினர் அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களை அதற்குள் செலுத்தினர். நோயைத் தொடங்கி வைப்பவை, சிடி34 குறி உள்ள, சிடி38 குறி இல்லாத மிகச் சில செல்களே என்று முடிவு செய்தனர். ஆனால் செல்களைத் தரம்பிரிக்கப் பயன்பட்ட சிடி38 எதிர்ப்பொருளே, அது ஒட்டிய செல்களைச் சுண்டெலியில் எஞ்சியிருந்த எதிர்ப்பாற்றலுக்கு இரையாக்கியது என்பதை 2008இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். அந்த ஆற்றலையும் அடக்கியபோது, ஒதுக்கப்பட்ட செல்களில் சிலவும் நோயை உண்டாக்கின. ஆக, ஒரு செல் சுண்டெலியில் வேர்விட்டால் அது சான்று; வேர்விடாவிட்டால், செல்லைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்த்தொகுதி இதற்கு இன்னும் வலுவான சான்று. அந்நோயாளிகளின் செல்கள் சுண்டெலியில் நெடுங்காலம் சரியாக வளரவேயில்லை. சுண்டெலியின் ஐஎல்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஆகிய வளர்ச்சிப் புரதங்கள் மனித செல்களைத் தூண்டுவதில்லை என்பது ஒரு காரணம். இவற்றுக்கான மனித மரபணுக்களைப் புகுத்திய மிஸ்ட்ரக் சுண்டெலி 2014இல் வந்தது. அதில் இந்நோய் செல்கள் மேலும் நன்றாக வேர்விடுவதை யேல் பல்கலைக்கழகத்தார் 2019இல் காட்டினர். குறை விதையில் இல்லை, நிலத்தில்.

சுண்டெலியை இப்படி மனிதமயமாக்குவது வேண்டிய விடையை முன்கூட்டியே புகுத்துவதாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. புரதங்கள் அளவுக்கு மிஞ்சினால் மனித ஸ்டெம் செல்கள் தேய்ந்துபோகின்றன. மிஸ்ட்ரக்கில் மனித மரபணுக்கள் சுண்டெலி மரபணுக்கள் இருந்த இடத்திலேயே அமர்த்தப்பட்டதால் அந்த ஆபத்து குறைவு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மனித மேக்ரோஃபேஜ்கள் சுண்டெலியின் சிவப்பணுக்களை விழுங்குவதால் சுண்டெலிக்கு ரத்தசோகை வரும். மைலோடிஸ்பிளாஸ்டிக் நோயின் முதன்மை அறிகுறியும் ரத்தசோகைதான். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் ஆய்வு தடம்புரளும். போதாக்குறைக்கு, மனித சிவப்பணுக்களைச் சுண்டெலியின் கல்லீரல் அழித்துவிடுகிறது. 2021இல் யேல் குழுவினர் கல்லீரலையும் மனித செல்களால் நிரப்பிய பிறகுதான் மனித சிவப்பணுக்கள் சுண்டெலியின் ரத்தத்தில் நிலைத்து ஓடின. அரிவாள் செல் நோயையும் அதில் உருவாக்க முடிந்தது.