ஏடும் அதிகாரியும்: ஆவடித் தொழிற்சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

'திவான்' என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. திருவிதாங்கூர், புதுக்கோட்டை சமஸ்தானங்களின் தலைமை நிர்வாகியை நம் முன்னோர் அப்பெயராலேயே அறிந்திருந்தனர். ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அச்சொல் மனிதரைக் குறிக்கவில்லை, பதிவேட்டைக் குறித்தது. பொதுக் கருவூலத்திலிருந்து எவருக்கு எவ்வளவு உதவித்தொகை உரியது என்பதைப் பெயர் பெயராக எழுதிவைத்த ஏடு அது. பின்னர் ஏடு இருந்த அலுவலகத்துக்கும், இறுதியில் அலுவலகத் தலைவருக்கும் அப்பெயர் சென்றது. ஏட்டின் பெயரை அதிகாரி ஏற்றுக்கொண்ட இவ்வரலாற்றில் ஒரு கேள்வி பொதிந்திருக்கிறது. அதிகாரி வளர்ந்த பின்னர் அந்த ஏடு யார் கையில் இருக்கிறது? சென்னையின் மேற்கே உள்ள ஆவடியை வைத்து இதனை ஆராய்வோம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. தொழில்களை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. அதே ஆவடியில் 1961இல் படைத்துறை உடைத் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. 1987இல் என்ஜின் தொழிற்சாலை அமைந்தது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இவை வாழ்வாதாரமாயின. இங்குப் பணியாற்றியோர் மத்திய அரசு ஊழியர்கள் ஆவர்.

இவ்வமைப்பு படிப்படியாக மேலே சென்றது. தொழிற்சாலையின் பொது மேலாளர், 1979இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை வாரியத்துக்குப் பொறுப்பாளி. வாரியம் பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கும், துறை அமைச்சருக்கும் பொறுப்புடையன. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு.

கணக்குக்கு வேறொரு பாதை இருந்தது. நாடாளுமன்றம் இசையாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. செலவான பணத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்ந்து அறிக்கை தருவார். அவ்வறிக்கையை 22 உறுப்பினர் கொண்ட பொதுக்கணக்குக் குழு விசாரிக்கும். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே அக்குழுவின் தலைவராக இருப்பது மரபு. செலவழித்தவரைச் சாராத ஒருவர் கணக்குக் கேட்க வேண்டும் என்பதே இம்மரபின் உயிர்.

2021 அக்டோபர் 1ஆம் நாள் இவ்வமைப்பு மாறியது. வாரியம் கலைக்கப்பட்டது; நாட்டின் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தில் சேர்ந்தன. உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குச் சென்றது. ஊழியர்கள் முதலில் ஈராண்டுகளுக்கு அயற்பணியில் அனுப்பப்பட்டவர்களாகக் கருதப்பட்டனர். அக்காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. மாற்றத்தை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, அதனைத் தடுக்க ஓராண்டுக் காலச் சட்டம் ஒன்றும் பிறந்தது.

தன்னாட்சியும் திறனும் பெருகும் என்பது அரசின் வாதம். அது புறந்தள்ளத்தக்கதன்று, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே இலாப நட்டக் கணக்கு வெளியிடுவதால் குறை எங்கே என்பது எளிதில் புலப்படலாம். கணக்குத் தணிக்கையாளரின் கண்ணும் மூடப்படவில்லை. நிறுவனத்தின் தணிக்கையாளரை நியமிப்பவரும், அதற்கு மேல் துணைத் தணிக்கை செய்யும் உரிமை உடையவரும் அவரே. ஆனால் அரசு நிறுவனங்களை ஆராய 1964இல் அமைந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழுவுக்கு, அன்றாட நிர்வாகத்தை ஆராயும் அதிகாரம் இல்லை. ஆண்டறிக்கை அவையின் மேசைக்கு வருகிறது; தொழிற்கூடத்தில் நிகழும் அன்றாட அநீதி அந்த மேசையை எட்டுவது அரிதாகிறது.

இதனை அளக்க நம் மரபு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, பதவியால் வந்த ஆதாயம். ஸகாத் திரட்டச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று தனியே வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, மக்களிடமே விசாரிப்பது. கூஃபாவின் ஆளுநர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள்மீது முறையீடு வந்தபோது, அவர் பெரும் ஸஹாபி என்பதற்காக உமர் (ரலி) அதனைத் தள்ளிவிடவில்லை. கூஃபாவின் பள்ளிவாசல் தோறும் ஆளனுப்பி மக்களிடம் விசாரித்தார். மூன்றாவது, முறையீட்டுக்குத் தனி மன்றம். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் திவானுக்கு ஓர் அதிகாரமும், அதிகாரம் உடையோரின் அநீதியை விசாரிக்கும் மளாலிம் மன்றத்துக்கு மற்றோர் அதிகாரமும் ஒதுக்கினார். ஏட்டைப் பேணுவதும் முறையீட்டைக் கேட்பதும் தனித்தனிக் கடமைகள் என்பது இதனால் விளங்குகிறது.

இவற்றுள் முதல் அளவுகோலுக்கு இந்நாட்டில் மத்திய கண்காணிப்பு ஆணையம் உண்டு, தமிழரான கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1964இல் அது அமைந்தது. இரண்டாவதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. அரசு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் செய்திகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆயின் ஒரு தொழிலாளியின் சேமநல நிதிக் கணக்கு நாட்டின் இரகசியம் ஆகாது. மூன்றாவதே, நிறுவனமாக மாறிய இடத்தில் நலிந்து காணப்படுகிறது என்பது நம் கருத்து.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. துறையாயினும் நிறுவனமாயினும் பொதுச்சொத்து அமானிதமே. அதன் உரியவர் மக்கள். ஆகவே கணக்குக் கேட்பதும் மக்களின் கடமையாகிறது. கூஃபாவில் பள்ளிவாசல் தோறும் மக்கள் வாய்திறந்து சான்று கூறியதால்தான் உமர் (ரலி) அவர்களின் விசாரணை பொருள் பெற்றது. நம் மஹல்லாக்களில் அவ்வழக்கம் மீண்டும் வேரூன்றட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.