பதினெட்டு வருட அனுபவம்: கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது?

என் மகளுக்கு நான்கரை மாதமானபோது நான் மீண்டும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அரச உத்தியோகத்தருக்கு முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் 84 வேலைநாட்கள் பிரசவ விடுமுறை முடிந்துவிட்டது. அடுத்த 84 நாட்களை அரைச் சம்பளத்தில் எடுக்கலாம். ஆனால் வீட்டுக்கடன் அரைவாசியாகக் குறையாது.

எங்கள் ஊரில் இப்படியான வேளையில் பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா. என் அம்மா 2009 இல் முள்ளிவாய்க்காலில் இறந்துவிட்டார். மாமி யாழ்ப்பாணத்தில் நோயாளியாக இருக்கிறார். அக்கா கனடாவில். கிளிநொச்சியில் என்னைப் போன்ற தாய்மார் பலர் இருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பிறகுதான் வீட்டில் யார் யார் இல்லை என்பது முழுமையாகத் தெரிகிறது.

ஆகவே பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தேடினேன். அந்தத் தேடலில் நான் விட்ட பிழையையும் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள ஒரு தாய்க்கு இது உதவக்கூடும்.

நான் விட்ட பிழை

முதலில் தெரிவு செய்த இடத்தைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். அதை நடத்தியவர் பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர். சுவரில் சான்றிதழ்கள் இருந்தன. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

நான்காவது வாரம் ஒருநாள் சொல்லாமல் நேரத்தோடு போனேன். மகள் ஏணைக்குள் ஒரு தலையணையில் முகம் குப்புறக் கிடந்து நித்திரை கொண்டாள். பக்கத்தில் இன்னொரு குழந்தையின் வாயில் பால்போத்தலை வைத்து, அது விழாமல் துணியால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அறையில் ஐந்து கைக்குழந்தைகள். அவர்களுடன் இருந்தது ஒரேயொரு பிள்ளை. அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்.

நடத்துபவரிடம் கேட்டேன். "நான் பதினெட்டு வருசமாப் பிள்ளையளோட இருக்கிறன் தங்கச்சி, ஒண்டும் ஆகாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டு வருடமும் அவர் முன்பள்ளியில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். கைக்குழந்தைகளை எடுக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மகளை நாள் முழுதும் தூக்கிய கைகள் அவருடையவையும் அல்ல.

மகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு முழுவதும் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருடக்கணக்கு எதைச் சொல்லாது?

அனுபவம் முக்கியமானது. ஆனால் "எத்தனை வருடம்" என்ற கேள்விக்குப் பின்னால் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, எந்த வயதுப் பிள்ளைகளுடன்? நான்கு வயதுப் பிள்ளை வயிறு நோகுது என்று சொல்லும். நான்கு மாதக் குழந்தைக்கு அழுகையும் முகமும் மட்டுமே மொழி. ஒருவருக்கு ஒன்றில் இருக்கும் பழக்கம் மற்றதற்கு அப்படியே உதவாது.

இரண்டாவது, அந்த அனுபவம் யாருடையது? நிலையத்தை நடத்துபவருடையதா, பிள்ளையைத் தூக்குபவருடையதா? பராமரிப்பவர்கள் அடிக்கடி மாறும் இடத்தில், நிலையத்துக்கு இருபது வயதானாலும் உங்கள் பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் புது முகம்தான். முதல் வருடத்தில் குழந்தைக்கு மிகவும் தேவையானது தன்னை அறிந்த ஒரே கை.

மூன்றாவது, அந்த அனுபவம் புதுப்பிக்கப்பட்டதா? குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் நன்றாக நித்திரை கொள்ளும் என்று பல நாடுகளில் வைத்தியர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1994 இல் மல்லாத்திப் படுக்கவைக்கும்படி பெரும் பிரசாரம் தொடங்கிய பின், நித்திரையில் காரணம் தெரியாமல் நிகழும் குழந்தை மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. பழைய முறையைப் பதினெட்டு வருடம் செய்தவருக்கு அது சரியென்ற நம்பிக்கையும் பதினெட்டு வருடம் வளர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் 1991 இல் பிறந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வொன்று உண்டு. பராமரிப்பின் தரத்தை அளக்க அவர்கள் முக்கியமாகப் பார்த்தது, பராமரிப்பவர் குழந்தையோடு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை: அழுதால் கவனிக்கிறாரா, குழந்தையோடு கதைக்கிறாரா, அன்பாகத் தொடுகிறாரா? இவை நன்றாக இருந்த இடங்களில் வளர்ந்த பிள்ளைகள் மொழியிலும் சிந்தனையிலும் ஓரளவு முன்னின்றார்கள். அதைவிட வீட்டின் பங்கு பெரிது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. வேலைக்குப் போகும் தாய்மாரே, குற்றவுணர்வில் கரைய வேண்டாம்.

சான்றிதழ் இல்லாத ஒரு அக்கா

இரண்டாவதாக நான் போனது ஒரு வீட்டுக்கு. அந்த அக்காவிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். ஒன்றை இறுதிப் போரில் பறிகொடுத்தவர். பின்னர் செட்டிக்குளம் முகாமில், தாயில்லாத இரண்டு கைக்குழந்தைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்தவர்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ, மனம் எப்பிடி இருக்குமோ" என்று அயலில் ஒருவர் சொன்னார். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். இழப்பைச் சுமந்தவர்களைத் தள்ளிவைப்பதென்றால், இந்த மண்ணில் என் பிள்ளையைத் தூக்க எனக்கே தகுதி இல்லை. ஆனாலும் பிள்ளையின் விடயத்தில் கேட்காமல் இருக்கவும் முடியாது. கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "வெடிச்சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும். அந்த நேரம் பிள்ளையைத் தூக்கமாட்டன். மகளிட்டக் குடுத்திட்டு இருந்திடுவன்" என்றார். சில நாட்களின் பின் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினார்கள். சொன்னபடியே செய்தார். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஓய்ந்ததும் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

தன் எல்லை எது என்று அறிந்திருப்பதும் அனுபவம்தான். அது எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஆறு மாதத்துக்கு முன்பே சுடுதண்ணி பருக்கலாம் என்று நினைத்திருந்தார். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வதென்று தெரியாது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துவந்தேன். ஒரு பின்னேரத்தில் மூவரும் இருந்து கதைத்தோம். அக்கா ஒவ்வொன்றையும் பொம்மையில் செய்துபார்த்தார். கற்றுக்கொள்ளும் மனம் இருந்தால் அறிவை ஊட்டலாம். குழந்தையின் அழுகைக்குத் திரும்பும் காதை யாராலும் பின்னர் பொருத்த முடியாது.

கேட்க வேண்டியவை

- என் பிள்ளையை நாள் முழுதும் பார்க்கப்போவது யார்? அவர் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார்? அவருக்கு வருத்தமென்றால் யார்?
- ஒரு வயதுக்குட்பட்ட எத்தனை பிள்ளைகளை இதுவரை பார்த்திருக்கிறார்?
- ஒருவருக்கு எத்தனை கைக்குழந்தைகள்? ஒரு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதே குழந்தைநல நிபுணர்களின் பரிந்துரை.
- எப்படிப் படுக்கவைப்பார்? மல்லாத்தி, இறுக்கமான தட்டையான விரிப்பில், தலையணையோ பொம்மையோ இல்லாமல் என்பதே சரியான பதில்.
- தொண்டையில் அடைத்தால்? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்னங்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, முதுகில் ஐந்து தட்டு. பின் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைப்பு.
- கறந்து கொடுக்கும் தாய்ப்பாலை எப்படி வைப்பார்? அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. எங்கள் வெயிலில் குளிர்சாதனப் பெட்டியே நல்லது.
- என்.வி.கியூ போன்ற சான்றிதழ் இருந்தால் நல்லது. அதில் கைக்குழந்தைப் பராமரிப்பும் முதலுதவியும் அடங்கினவா, எந்த வருடம் படித்தார் என்றும் கேளுங்கள்.

பதில்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மணித்தியாலம் ஒரு மூலையில் இருந்து பாருங்கள். குழந்தை அழுதால் எவ்வளவு நேரத்தில் எழும்புகிறார்? தூக்க முன் பெயர் சொல்லிக் கதைக்கிறாரா? பால் கொடுக்கும்போது கையில் ஏந்திக் கொடுக்கிறாரா? பம்பர்ஸ் மாற்றிய பின் கை கழுவுகிறாரா? பின்னர் ஒருநாள் சொல்லாமல் போங்கள். அதை விரும்பாத இடம் உங்களுக்கான இடமல்ல.

நிலையம் பற்றி உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடப்பதாகச் சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒரு கொப்பி

அக்காவிடம் ஒரு கொப்பி கொடுத்திருந்தேன். பால் குடித்த நேரம், நித்திரை, பம்பர்ஸ் நனைந்த நேரம். முதலில் "இதெல்லாம் எழுதவேணுமோ" என்று சிரித்தார். பிறகு எழுதினார்.

மகளுக்கு எட்டு மாதத்தில் வயிற்றோட்டம் வந்தது. மதியம் அக்கா அலுவலகத்துக்கு அழைத்தார். "பிள்ளை விளையாடுறாதான். ஆனால் காலமை ஆறு மணிக்குப் பிறகு சலம் போகேல்லை. அழேக்க கண்ணீரும் வரேல்லை. கொப்பியைப் பாத்தனான்" என்றார். நீரிழப்பின் அறிகுறிகள் அவை. ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். பிந்தாமல் கொண்டுவந்தது நல்லது என்றார் வைத்தியர்.

அந்த நாட்களில் அக்கா ஒருநாள் வாட்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று மகளின் காலைத் தடவிக்கொண்டே, "முகாமில ஒரு பிள்ளை இப்பிடித்தான் சோர்ந்தது. அப்ப எனக்கு விளங்கேல்லை" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. என்னை அம்மா என்றும், அக்காவை அம்மம்மா என்றும் கூப்பிடுகிறாள். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.