மூன்று நிமிட வீரன்

போரின் அழிவை வெற்றிக் காட்சியாகத் திரையில் தீட்டிய கைகளே பின்னர்ச் சிறுவர்களுக்கு ஒரு காவலனைப் படைத்தளித்தன. 'அல்ட்ராமேன்' என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் வரலாற்றைக் கற்போர் முதற்கண் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவேயாகும்.

எய்ஜி சுபுராயா 1901ஆம் ஆண்டில் புக்குஷிமா மாநிலத்துச் சுகாகாவா என்னும் ஊரில் பிறந்தவர். ஒளிப்பதிவாளராகத் திரைத்துறையில் நுழைந்து, தந்திரக் காட்சிகளை அமைப்பதில் தேர்ந்தார். 1942இல் தோஹோ நிறுவனம் வெளியிட்ட போர்ப் பரப்புரைப் படமொன்றில், பேர்ல் துறைமுகத் தாக்குதலும், மலாயாக் கடலில் பிரிட்டிஷாரின் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதும் அவர் அமைத்த சிறு மாதிரிகளைக் கொண்டே படமாக்கப்பட்டன. 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கரைக்கு அப்பால் நிகழ்ந்த அவ்வழிவு மலாயா மக்களுக்குத் துயரத்தின் முன்னுரை. ஜப்பானியத் திரையரங்குகளிலோ அது பெருமிதக் காட்சி.

போரில் ஜப்பான் தோற்றபின் சுபுராயா தோஹோவை விட்டு விலக நேர்ந்தது. மீண்டும் அங்குப் பணியேற்ற அவர், 1954இல் 'காட்சில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை உருவாக்கினார். நீர்வாயுக் குண்டுச் சோதனையால் விழித்தெழும் அவ்விலங்கு நகரை எரித்தபோது, அழிவு வெற்றியாகவன்றி வேதனையாகவே காட்டப்பட்டது. 1963இல் அவர் தமக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

1966 ஜனவரியில் ஒளிபரப்பான 'அல்ட்ரா கியூ' என்னும் கறுப்பு வெள்ளைத் தொடரில் விந்தை விலங்குகள் இருந்தன, வீரன் இல்லை. அக்குறை அவ்வாண்டு ஜூலை 17இல் நீங்கியது. வண்ணத்தில் வெளிவந்த 'அல்ட்ராமேன்' 1967 ஏப்ரல் 9 வரை 39 பகுதிகளாக நடைபெற்றது. ஒகினாவாக் குடும்பத்தில் தோன்றிய தெட்சுவோ கின்ஜோ கதையாசிரியர்களுள் முதன்மையானவர். தோரு நரித்தா என்னும் ஓவியர் வீரனுக்கு வெள்ளி மேனியும் செங்கோடுகளும் வழங்கினார். வீண் அணிகலன் எதனையும் சேர்த்தாரில்லை.

நாற்பது மீட்டர் உயரமுள்ள அவ்வீரன் வரம்பற்ற வலிமையுடையவன் அல்லன். மார்பிலுள்ள விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாக மாறின் அவன் ஆற்றல் வற்றுகிறது என்பது பொருள். அவனால் மூன்று நிமிடமே போரிட இயலும் என்பது சிறுவர் அனைவரும் அறிந்த கணக்கு. வலியவனுக்கும் எல்லையுண்டு என்னும் பாடத்தை அச்சிறு விளக்கு ஓயாது உணர்த்திற்று.

தொடரின் தகுதியை விளக்க 23ஆம் பகுதி ஒன்றே போதும். மமோரு சசாக்கி எழுத, அகியோ ஜிசோஜி இயக்கிய அக்கதையில் வரும் ஜமிலா பிறவி விலங்கன்று. விண்வெளியில் வழி தவறி, தன் நாட்டாரால் கைவிடப்பட்டு, நீரற்ற கோளில் உருமாறிய மனிதன். பழிதீர்க்க வந்த அவன் நீராலேயே மடிகிறான். அவன் கல்லறையில் புகழ்மொழி பொறிக்கப்படுகிறது. உயிரோடிருந்தபோது கைவிட்டு, இறந்தபின் போற்றும் பொய்மையைக் காவற்படை வீரன் ஒருவன் கசப்புடன் சுட்டுகிறான். வென்றவனைக் கொண்டாடப் பழகிய குழந்தை, வீழ்ந்தவனுக்காகக் கண் கலங்கக் கற்றது இங்கேதான்.

இறுதிப் பகுதியில் செட்டோன் என்னும் விலங்கிடம் அல்ட்ராமேன் தோற்றுச் சாய்கிறான். அவ்விலங்கை மாய்ப்பது மனிதர் கண்ட படைக்கலமே. தம் உலகைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே தொடரின் முடிந்த முடிபு.

சுபுராயா 1970இல் மறைந்தார். அவர் தொடங்கிய மரபு மறையவில்லை. அடுத்தடுத்துப் பல தொடர்கள் பிறந்தன. 2022இல் 'ஷின் அல்ட்ராமேன்' திரைப்படமும் வெளிவந்தது. சுகாகாவாவின் தெருக்களில் அவ்வீரனின் சிலைகள் நிற்கின்றன. மலேசியச் சிறுவர் தொடரான 'உப்பின் இப்பின்' வழியே, புயல் என்று பொருள்படும் மலாய்ப் பெயருடன் 'ரிபுட்' என்னும் அல்ட்ரா வீரனும் தோன்றினான்.

1942இல் மலாயாக் கடலைப் போர்க்களமாக மட்டுமே காட்டிய கலை, அந்நாட்டு மொழியிலேயே ஒரு காவலனுக்குப் பெயரிடும் நிலையை எய்தியுள்ளது. கலை ஒரு கருவி. அதனை ஏந்தும் நெஞ்சமே அதன் திசையை வகுக்கிறது.