பழைய வாடிக்கையாளர் பதிவுகள்: எதை அழிப்பது, எதைக் காப்பது?

வாடிக்கையாளரின் விவரங்களைச் சேகரிப்பதில் வணிக நிலையங்கள் காட்டும் அக்கறையை, அவ்விவரங்களை உரிய காலத்தில் அழிப்பதில் காட்டுவதில்லை. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டையின் பிரதி எனக் கேட்டுப் பெறப்படுபவை யாவும் ஒருமுறை கணினிக்குள் சென்றுவிட்டால் அவற்றின் ஆயுளுக்கு முடிவே இல்லை. வாடிக்கையாளர் கடையை மாற்றிவிட்டிருப்பார். ஊரை விட்டே போயிருப்பார். சிலர் இறந்தும் இருப்பர். ஆயினும் அவரது பதிவு மட்டும் அங்கே இருந்துகொண்டே இருக்கும்.

இது கொழும்பிலுள்ள பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. நாவிதன்வெளிப் பிரதேசத்தின் அன்னமலை, சவளக்கடை, மத்தியமுகாம் போன்ற ஊர்களிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வரும் ஒரு விவசாயியின் விவரங்கள் எத்தனை இடங்களில் பதியப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். பெரும்போகத்துக்கு உரமும் கிருமிநாசினியும் கடனுக்கு வாங்கும் கடை, நகையை அடகு வைக்கும் நிலையம், தவணைக்குப் பொருள் தரும் காட்சியறை, தொலைபேசிக்கு சிம் அட்டை பெறும் கடை, நுண்கடன் நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றிலும் அவரது விவரம் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரிடம் ஒருவர் கொடுக்கல் வாங்கல் செய்து வாழும் இப்பிரதேசத்தில், கடைக்காரரின் கணக்கு என்பது நம்பிக்கையின் மறுபெயராகும்.

கறையானும் கணினியும்

கொப்பியில் கணக்கெழுதிய காலத்தில் அழிப்பு என்பது தானாகவே நிகழ்ந்தது. கறையான் அரித்தது, வெள்ளம் நனைத்தது, கடன் தீர்ந்ததும் கடைக்காரர் அப்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கணினியோ தானாக மறப்பதில்லை. சேமிப்பதற்கான செலவு குறைந்துவிட்டதால், “இருந்துவிட்டுப் போகட்டும்” என்ற மனப்பான்மையும் வளர்ந்துவிட்டது. இம்மனப்பான்மைக்கு உலகின் பல நாடுகளில் பெரும் விலை கொடுக்கப்பட்டுள்ளது.

அவுஸ்திரேலியாவின் லாட்டிட்யூட் நிதி நிறுவனத்தின் தரவுகள் 2023ஆம் ஆண்டு திருடப்பட்டபோது, ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் பதிவுகள் வெளியேறின. அவற்றில் சுமார் 61 இலட்சம் பதிவுகள் 2005ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் பழைய பதிவுகளாகும். அந்நிறுவனத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாமற்போய்ப் பல ஆண்டுகளான மக்கள் கூட இதனால் பாதிக்கப்பட்டனர். இல்லாத ஒன்றைத் திருட முடியாது. உரிய காலத்தில் அழிக்கப்பட்டிருந்தால் அம்மக்களுக்கு அத்தொல்லை நேர்ந்திராது.

ஜேர்மனியின் பெர்லின் நகரில் டொய்ச் வோனன் என்னும் வீட்டு வாடகை நிறுவனத்துக்கு 2019ஆம் ஆண்டு 1 கோடி 45 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பழைய வாடகைதாரர்களின் விவரங்களைத் தேவையின்றி வைத்திருந்ததும், அழிப்பதற்கே வழியில்லாத சேமிப்பு முறையைப் பயன்படுத்தியதுமே அதன் மீதான குற்றச்சாட்டாகும். இத்தண்டம் பின்னர் நீதிமன்றங்களில் சவாலுக்குட்படுத்தப்பட்டது எனினும், எழுப்பப்பட்ட கேள்வி எல்லா வணிகர்களுக்கும் பொருந்துவதாகும்.

நம் நாட்டில் இதன் ஆபத்து இன்னொரு வகையில் கூடுதலானது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் காட்டுகின்றன. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே, இலக்கத்தை மட்டும் வைத்தே ஒருவரின் வயதையும் பாலையும் அறிந்துகொள்ளலாம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை இலக்கத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது. பழைய கடன் விண்ணப்பத்திலுள்ள ஒரு பெண்ணின் தொலைபேசி இலக்கமும் முகவரியும் வேண்டாதவர் கையில் அகப்பட்டால் விளையக்கூடிய தொல்லையை விளக்கத் தேவையில்லை.

அழித்ததால் விளைந்த அநீதி

இதனால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்வதும் தவறாகும். ஆவணம் இழப்பதன் வலியை இக்கரையோரம் போல் அறிந்த பிரதேசம் வேறில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரமெங்கும் உயிர்களோடு உறுதிகளும் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகங்களும் அலையோடு போயின. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கே 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் தேவைப்பட்டது. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற மக்களுக்கு, வேறெங்கோ ஒரு நிறுவனத்தின் பேரேட்டில் எஞ்சியிருந்த தமது பெயரே சான்றாக இருந்திருக்கக் கூடும்.

பிரித்தானியாவின் அனுபவமும் இங்கு நோக்கத்தக்கது. கரீபியன் தீவுகளிலிருந்து பல தசாப்தங்களுக்கு முன் அந்நாட்டில் வந்திறங்கியவர்களின் வருகைப் பதிவட்டைகளை உள்துறை அமைச்சு 2010ஆம் ஆண்டு அழித்துவிட்டது. பின்னாளில் குடிவரவு விதிகள் இறுக்கப்பட்டபோது, எப்போது வந்தோம் என்பதை நிரூபிக்க முடியாத முதியவர்கள் பலர் தொழிலையும் மருத்துவ வசதியையும் இழந்தனர். சிலர் நாடுகடத்தவும் பட்டனர். 2018ஆம் ஆண்டு இது பெரும் அரசியல் நெருக்கடியாக வெடித்தது. அலுவலகத்துக்குப் பயனற்ற காகிதமாகத் தோன்றியது, அதில் பெயர் எழுதப்பட்டவருக்கு வாழ்வின் ஆதாரமாக இருந்தது.

இலங்கையில் 2023ஆம் ஆண்டு அரசாங்க முகில் சேமிப்பின் மீது நடந்த கப்பம் கோரும் தாக்குதலில், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. காக்க வேண்டியதைக் காக்காமலும் அழிக்க வேண்டியதை அழிக்காமலும் இருப்பதே நமது பொது நோயாகும்.

சட்டம் கூறுவது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக விவரம் பெறப்பட்டதோ அந்நோக்கத்துக்குத் தேவையான காலம் வரை மட்டுமே அதனை வைத்திருக்கலாம் என விதிக்கிறது. தனது விவரத்தை அழிக்குமாறு கோரும் உரிமையையும் அது குடிமகனுக்கு வழங்குகிறது. மீறுவோருக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமுண்டு. வணிகர்கள் மீதான இதன் பிரதான கடமைகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் பிற்போடப்பட்டன. எனினும், பிற்போடப்பட்ட காலத்தை ஆயத்தத்துக்குரிய அவகாசமாகக் கொள்வதே விவேகமாகும்.

மறுபுறத்தில், குறிப்பிட்ட காலம் வைத்திருந்தே ஆகவேண்டிய பதிவுகளும் உள்ளன. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் 6 ஆண்டுகளுக்குப் பதிவுகளைப் பேணவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த பின்னர் திறக்கப்பட்ட பதிவுகளை அரச அலுவலகங்கள் குறைந்தது 12 ஆண்டுகள் பேணவேண்டும் என்கிறது. எனவே, ஒரு தனியார் கடைக்குப் பொருந்தும் விதி பிரதேச சபைக்குப் பொருந்தாது.

வழக்குத் தொடரும் காலவரையறையும் முக்கியமானது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீது 6 ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில்லாத ஒப்பந்தத்தின் மீது 3 ஆண்டுகளுக்குள்ளும், கடைக்கு விற்ற பொருளின் கடன் மீது 1 ஆண்டுக்குள்ளும் வழக்குத் தொடரப்பட வேண்டும். நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதற்குரிய காலம் 3 மாதங்களாகும். இக்காலங்கள் கடந்து, கடனும் வழக்கும் வரி விசாரணையும் எதுவும் நிலுவையில் இல்லாத பதிவை வைத்திருக்க வணிகருக்கு நியாயமான காரணம் அரிதாகவே இருக்கும். வரிக்காக வைத்திருக்க வேண்டிய காலத்தைக் கணக்காளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். விற்பனைத் தொகை வேண்டுமெனில் அதனை வைத்துக்கொண்டு பெயரையும் இலக்கத்தையும் நீக்கிவிடலாம்.

அழிப்பதற்கும் முறை உண்டு

கணினியில் “அழி” என்ற பொத்தானை அழுத்தியவுடன் பதிவு மறைந்துவிடுவதாகப் பலர் நம்புகின்றனர். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் நிகழ்வது அதுவன்று. “நீக்கப்பட்டது” என்ற ஒரு குறி மட்டும் இடப்பட்டு, பதிவு திரையிலிருந்து மறைக்கப்படுகிறது. தரவுத்தளத்தில் அது அப்படியே இருக்கிறது. உண்மையாகவே நீக்கினாலும், அவ்விடம் வேறு தரவால் நிரப்பப்படும் வரை பழைய தரவின் எச்சம் வட்டில் தங்கியிருக்கலாம். காப்புப் பிரதிகளிலும் ஊழியரின் மடிக்கணினியிலும் கணக்காளருக்கு அனுப்பிய எக்செல் கோப்பிலும் அதே பதிவு உயிரோடு இருக்கும்.

டென்மார்க்கின் டாக்ஸா என்னும் வாடகைக் கார் நிறுவனம் இரண்டு ஆண்டுகளின் பின் பயணிகளின் பெயர்களை நீக்கியது. ஆனால் தொலைபேசி இலக்கங்களை மேலும் 3 ஆண்டுகள் வைத்திருந்தது. அதன் தரவுத்தளம் தொலைபேசி இலக்கத்தையே திறவுகோலாகக் கொண்டு அமைந்திருந்தது என்பதே காரணம். ஏறத்தாழ 88 இலட்சம் பயணங்களின் விவரம் இவ்வாறு எஞ்சியிருந்ததை 2019ஆம் ஆண்டு அந்நாட்டு அதிகாரிகள் சுட்டிக்காட்டினர். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பது தவறு. ஆளை அடையாளம் காட்டும் எதுவும் எஞ்சக்கூடாது.

ஆகவே, ஒழுங்கான அழிப்புக்குச் சில படிகள் அவசியமாகின்றன. முதலில், எந்த வகைப் பதிவு எத்தனை ஆண்டுக்கு என்ற அட்டவணையை எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, காலம் கடந்தவற்றில் நிலுவைக் கடன், மீட்கப்படாத அடகு, உத்தரவாதம், வழக்கு ஆகியன தொடர்பானவற்றை விலக்க வேண்டும். மூன்றாவது, தவறு நேர்ந்தால் மீட்பதற்காகக் காப்புப் பிரதி ஒன்றை எடுத்து, அது உண்மையில் திறக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். நான்காவது, வாடிக்கையாளரின் பதிவோடு இணைந்துள்ள பட்டியல்கள், முறைப்பாடுகள், பழுதுபார்ப்புக் குறிப்புகள் ஆகியவற்றை முதலில் நீக்கி, அதன் பின்னரே மூலப் பதிவை நீக்க வேண்டும். மாறிச் செய்தால் சொந்தக்காரர் இல்லாத குறிப்புகள் எஞ்சி நிற்கும். ஒரே தடவையில் அனைத்தையும் நீக்காமல் சிறு சிறு தொகுதிகளாக நீக்குவது பாதுகாப்பானது. ஐந்தாவது, கணக்குகள் சரியாக உள்ளன என உறுதியானதும், அந்தக் காப்புப் பிரதியையும் குறித்த நாளில் அழிக்க வேண்டும். இறுதியாக, எவ்வகைப் பதிவுகள், எத்தனை, எந்நாளில், யாரால் அழிக்கப்பட்டன என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்க வேண்டும். பழைய கணினியை விற்கும்போதும் திருத்தக் கொடுக்கும்போதும் வன்தட்டைக் கழற்றி எடுப்பதும், நிழற்பிரதிகளைக் கிழித்து அழிப்பதும் இதனுள் அடங்கும். அடையாள அட்டைப் பிரதியின் பின்பக்கத்தில் கடலை சுற்றிக் கொடுக்கும் வழக்கம் ஒழியவேண்டும்.

இவற்றோடு சட்டத்தில் இல்லாத ஒரு படியையும் சேர்த்துக்கொள்வது நலம். கடன் தீர்ந்ததற்கான சான்று, நகை மீட்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டு, தவணை முடிந்த கடிதம் போன்றவற்றை, அழிப்பதற்கு முன் வாடிக்கையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். எழுத்தறிவு குறைந்த, ஆவணங்களைப் பேணும் வசதியற்ற ஏழைகளே நாளை “நீ இன்னும் தரவேண்டும்” என்ற கோரிக்கைக்கு முன் நிராயுதபாணியாக நிற்பவர்கள். வணிகரிடமுள்ள பதிவு வணிகரைப் போலவே அவர்களையும் காக்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதாகும். எழுதுவது இரு தரப்புக்கும் நீதி செய்வதற்காகவே என்பது அதன் பொருளிலிருந்து விளங்கும். ஒருவர் நம்மை நம்பித் தந்த விவரம் ஓர் அமானிதம். அமானிதத்தைத் தேவையுள்ளவரை காப்பதும், தேவை தீர்ந்ததும் உரியவரிடம் சேர்ப்பித்துத் தம்மிடமிருந்து நீக்குவதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும். கல்முனை முதல் நாவிதன்வெளி வரையுள்ள வர்த்தகர்களும் கூட்டுறவுச் சங்கங்களும், சட்டம் கதவைத் தட்டும் வரை காத்திராமல், இந்த ஆண்டுக் கணக்கு முடிவின்போதே தமது கணினிகளில் உறங்கும் பழைய பெயர்களைக் கணக்கெடுக்கத் தொடங்குவது சாலச் சிறந்ததாகும்.