விதிப்புத்தகம் பெரிதா, நடுவர் பெரிதா?

இன்று ஒரு விளையாட்டின் வரலாறு.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். காகிதம், பென்சில், பகடை. "பூதத்தைச் சுற்றிப் போய் முதுகில் வெட்டுகிறேன்" என்கிறார் வீரனாக ஆடுபவர். "சுற்றும்போதே அது உன்னை ஒரு அடி அடிக்கும்" என்கிறார் நடுவர். "எந்தப் பக்கத்தில் இருக்கிறது அந்த விதி?" அவ்வளவுதான், பூதத்தை விட்டுவிட்டு மனிதர்கள் மோதத் தொடங்கிவிடுகிறார்கள். 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கேட்டிருப்பீர்கள்.

அந்த விளையாட்டுக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. ஆனால் இந்த வழக்குக்கு ஏறக்குறைய இருநூறு வயது.

1824இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். இரு அணியினரும் கட்டளைகளை எழுதித் தர, நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து இழப்பைக் கணக்கிடுவார். நியாயமான முறைதான். ஆனால் கணக்குப் போட்டே பொழுது போய்விடும். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணை வேண்டாம், போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். ஆட்டம் வேகமானது. 'நடுவர் மனம்போனபடி சொல்கிறார்' என்ற குறையும் கூடவே வந்தது.

இந்த விவாதம் அமெரிக்காவுக்கும் போனது. 1880இல் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய போர் விளையாட்டு நூலை, பல பத்தாண்டுகள் கழித்து மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி கண்டெடுத்தார். நடுவர் ஒருவர் இருந்தால் ஆட்டக்காரர் எதையும் முயலலாம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் அவர் நடத்திய ஆட்டத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட வேண்டும் என்றார்கள். அதற்கு விதியே இல்லை. அங்கேயே பகடை உருட்டித் தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழுவில் ஆடிய டேவ் ஆர்னசன், பின்னர் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்.

மூன்றே சிறு புத்தகங்கள். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்பதற்குக்கூட அவற்றில் தெளிவான விதி இல்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதுதான் ஆசிரியர்களின் எண்ணம். வாசகர்கள் விடவில்லை, கேள்விக் கடிதங்கள் குவிந்தன. 1979இல் கைகாக்ஸ் நடுவருக்கென்றே தடித்த நூல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டு 'தி டிராகன்' இதழில் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியும் தொடங்கியது. விதி கூடியதும் சந்தேகம் குறையவில்லை. ஒவ்வொரு புது விதியும் தன் பங்குக்கு இரண்டு கேள்விகளைக் கொண்டுவந்தது.

இப்போது நம் பூதத்துக்கு வருவோம். 1974 விதிப்படி அது நடுவரின் விருப்பம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லாம் கட்டம் போட்டு அளந்தார்கள். எதிரியின் கைக்கெட்டும் கட்டங்கள் வழியே சுற்றினால் அவனுக்கு ஒரு இலவச அடி. 2014இன் ஐந்தாம் பதிப்பில் கைக்கெட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றினால் அடி இல்லை, அதைவிட்டு விலகினால்தான். ஆக, மேசையில் சண்டையிட்ட இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். இருவரும் வேறு வேறு புத்தகம் படித்தவர்கள்!

அதனால் அனுபவமுள்ள குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவே நடுவர் சொன்னதே முடிவு. ஆட்டம் முடிந்தபின் புத்தகத்தைப் புரட்டலாம். தீர்ப்பு தவறென்றால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக் கபடியில் விசில் பிடித்தவன் நான். ஒருமுறை பாடுவதை நிறுத்திவிட்டான் என்று ஒரு பையனைத் தவறாக வெளியேற்றினேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலும், "தப்பு என்னுடையது தம்பி" என்றேன். மறுநாளும் என் விசிலுக்கு எல்லோரும் நின்றார்கள், அவன் உட்பட.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மேசையில் நடுவர் யார் என்று.